தூம்பை அடைத்த பதினோராம் நாள்

"தோல் மூடுன பிறகுதான் உயிர் தொடங்கிச்சுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? அதான் மூடினேன். பிறகும் ஏன் சாகுறோம்?"

கேட்ட சுடலைமுத்துவுக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு பிரமு அம்மாளுக்கு முப்பத்தாறு.

ஊரில் வாந்திபேதி கண்டதும் மடத்து வாசலைக் கல் வைத்து அடைத்தவர் அதன் காவல்காரரான சுடலைமுத்துதான். மழைத்தண்ணீர் வெளியே போகும் தூம்பு ஒன்று பின்சுவரில் மிச்சம் இருந்தது. அதையும் சுண்ணாம்பு குழைத்துப் பூசினார். இன்றோடு பதினோரு நாள்.

உள்ளே பதினான்கு பேர். தானியம் தீர்ந்து எட்டு நாள். காலையில் மூன்றாவது ஆளைப் புதைத்திருந்தார்கள்.

"எறும்புகூட நுழையாதுன்னு சொன்னீரே, காவல்காரரே?"

"நுழையலைம்மா."

"எறும்பு வராத வீட்டுல என்ன இருக்கும்?"



அம்மாள் சாம்பல் தண்ணீரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கலக்கினாள். தண்ணீர் பால்போல் வெளுத்தது.

"ஆதியில ஒரு குட்டை. ஓரத்துல கொழுப்புப் படலம். வெயில்ல காயும், மழையில நனையும். நனையும்போது தானா சுருண்டு தோலா மூடிக்கும். உள்ள ஒரு துளி குட்டைத் தண்ணி மாட்டிக்கும். முதல் உயிர் அப்படித்தான் இருந்திருக்கணும்."

"யாரும் கட்டலையா?"

"யாரும் கட்டலை."

"அப்போ உறுதி இருந்திருக்காதே."

"இருக்காது. ஒழுகும்."

"ஒழுகுனா கேடுதானே?"

"வெளியே கிடந்த இரை வேற எந்த வழியா உள்ள வரும்?"

சுடலைமுத்து யோசித்தார். "ஒண்ணுரெண்டு ஒழுகாத தோலும் இருந்திருக்குமே?"

"இருந்திருக்கும்."

"அதெல்லாம் என்ன ஆச்சு?"

அம்மாள் முற்றத்து மூலையைப் பார்த்தாள். அங்கே மூன்று மண்மேடுகள். ஒன்று இன்னும் ஈரம்.

அவள் கேட்டாள்: "தூம்புல உம்ம தம்பி தட்டினானாமே?"

"இசக்கிதான். ஏழு நாள் தட்டினான். நாலு நாளாச் சத்தம் இல்லை."

"என்ன கேட்டான்?"

"அண்ணேன்னான்."

"பிறகு?"

"பிறகு கேட்கலைம்மா. அவன் வீட்டுல ரெண்டு பேருக்குக் கண்டிருந்தது. உள்ள விடச் சொல்லத்தானே வந்திருப்பான்? முதல் குரல்லயே பூசிட்டேன்."

அம்மாள் எழுந்து போய்க் கடப்பாரையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

நாலு குத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. வெளிச்சம் வரவில்லை. ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

கையை விட்டார். துணி தட்டுப்பட்டது. இழுத்தார்.

இசக்கியின் துண்டைக் கிழித்துக் கட்டிய முடிச்சு. உள்ளே நெல். மழை ஊறி, துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது.

அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் ஒன்று.

ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து எண்ணினார்.

ஏழு.

தூம்பின் மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தது. ஆனாலும் அவர் கையைத் தோள்வரை விட்டுத் துழாவினார்.

எட்டாவது இல்லை.