நடுக்கம்பத்தில் நின்ற இருவர்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். பாதியில் கொட்டாவி விட்டுவிட்டு, கடைசியில் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

கான்ஸ்டான்டிநோபிளில் அரியணைக்காக அண்ணன் கண்ணைத் தம்பி பிடுங்கிய காலம். அந்த ஜனங்களை நாம் இன்று பைசாந்தியர் என்கிறோம். அவர்களிடமே போய் அப்படிச் சொன்னால் யாரைச் சொல்கிறாய் என்று விழிப்பார்கள். அவர்கள் தங்களை ரோமர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ரோமருக்கும் அரேபியருக்கும் எல்லையில் ஓயாத சண்டை. இவர்கள் போய் ஆளைப் பிடிப்பார்கள், அவர்கள் வந்து ஆளைப் பிடிப்பார்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை இரு பக்கமும் புத்தி வந்து, எல்லை ஆற்றங்கரையில் கூடிக் கைதிகளை மாற்றிக்கொள்வார்கள். தலைக்குத் தலை.

மலையடிவாரத்து ரோமக் கிராமம் ஒன்றில் தெக்லா என்று ஒருத்தி. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, கட்டியவனும் இல்லை. உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அண்ணன் பர்தாஸ். ஓர் அறுவடைக் காலத்தில் அரேபியக் குதிரைப்படை வந்து அவனைக் கொண்டுபோயிற்று. அடுத்த கோடையில் ரோமப் படை பதிலுக்குப் போய்ப் பிடித்துவந்த ஆட்களை, ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்குக் கொடுத்தது. தெக்லாவுக்கு வந்தவன் ஹம்தான்.

முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள். "என் அண்ணன் கால் இந்தக் கரையில் படுகிற அன்றைக்கு, உன் கால் அந்தக் கரையில் படும். அதுவரைக்கும் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்."

பார்த்துக்கொண்டான். நன்றாகவே பார்த்துக்கொண்டான். சாயங்காலம் கை கழுவிவிட்டு உட்கார்ந்தால் அவன் தன் தாயைப் பற்றிச் சொல்வான். அவன் ஒற்றைப் பிள்ளை. தெக்லா அண்ணனைப் பற்றிச் சொல்வாள். எஜமானியும் கைதியுமாக வருஷக்கணக்கில் ஒரே ஏக்கத்தில் காலம் தள்ளினார்கள்.

ஒருவழியாக அந்த நாள் வந்தது. பர்தாஸின் பேரைச் சொல்லித் தெக்லா மனுப் போட்டிருந்ததால், அக்கரையில் அவனையும் தேடிப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார்கள். ஆற்றின் குறுக்கே அடுத்தடுத்து இரண்டு மரப்பாலங்கள். ஒன்றில் ரோமக் கைதி இக்கரைக்கு வருவான். மற்றதில் அரேபியக் கைதி அக்கரைக்குப் போவான். நடுவில் பாலத்துக்கொரு கம்பம். கட்டியக்காரன் காலையிலேயே சட்டத்தைக் கூவிவிட்டான். இருவரும் ஒன்றாகக் கால் வைக்க வேண்டும். கம்பத்தருகே ஒருவன் திரும்பினால் மற்றவனும் திரும்ப வேண்டும். அரசு கொண்டுவந்த கைதி அரசருக்குச் சொந்தம்; வீட்டிலிருந்து வந்த கைதி, அக்கரையை மிதிக்கும்வரை அந்த வீட்டுக்குச் சொந்தம்.

அக்கரையில் வெள்ளை முக்காடு போட்ட ஒரு கிழவி விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள். "அதோ, என் அம்மா," என்றான் ஹம்தான். தெக்லா அவன் கையில் இரண்டு ரொட்டியைத் திணித்து, "போய்ட்டு வா," என்றாள். வாய்ப்பழக்கம்! போனவன் எங்கே வரப்போகிறான்?

இருவரும் நடந்தார்கள். கம்பத்தருகே வந்ததும் பர்தாஸ் நின்றுவிட்டான். அக்கரையிலிருந்து ஒரு குழந்தை "அப்பா, அப்பா" என்று வீறிட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வாயைப் பொத்தி அழுதாள். பிடிபட்டுப் போன இடத்தில் அவனுக்குக் குடும்பம் ஆகியிருந்தது. அவர்களைக் கூட்டிவர அனுமதி இல்லை. தங்கை இங்கே, பிள்ளை அங்கே. அவன் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

தெக்லா அண்ணனைக் கூப்பிட வாயைத் திறந்தாள், பிள்ளையின் குரல் கேட்டு மூடிக்கொண்டாள்.

பக்கத்துப் பாலத்தில் ஹம்தான் பர்தாஸின் முகத்தைப் பார்த்தான். பிறகு, யாரும் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால், சட்டென்று திரும்பி இக்கரையை நோக்கி நடந்தான். "ஒருவன் திரும்பியாயிற்று!" என்று கட்டியக்காரன் கூவினான். பர்தாஸும் திரும்பினான். திரும்பும்போது அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியைத் தெக்லா பார்த்தாள். அக்கரையில் அந்தக் கிழவி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டதையும் பார்த்தாள்.

ஓடிப்போய்ப் பாலத்தின் முனையில் நின்றாள்.

"ஹம்தான், அங்கேயே நில்!"

"எஜமானியம்மா, அந்தப் பிள்ளை அழுகிறதே..."

"எனக்கும் காது இருக்கிறது." அதிகாரிகள் பக்கம் திரும்பினாள். "இவன் என் வீட்டு ஆள். நான் விட்டுவிட்டேன். பதிலுக்கு யாரும் வேண்டாம். நீ போ ஹம்தான், போய் உன் அம்மாவை எழுப்பு." பிறகு ஆற்றுக்கு அப்பால் கத்தினாள்: "அண்ணா, பிள்ளையைத் தூக்கு! அழுது தொண்டை வறண்டுவிடும்."

கிழவி எழுந்து நின்றாள். ரோம அதிகாரி, ஒரு தலை வீண் என்று முணுமுணுத்தார். அரேபியத் தளபதி தெக்லாவைக் கைகாட்டினார். "அந்தப் பெண் வெறுங்கையோடு போனாள் என்று பேச்சு வர வேண்டாம்," என்று சொல்லி, தம் வசமிருந்த ஒரு ரோமக் கிழவரைச் சும்மாவே பாலத்தில் அனுப்பினார்.

கைக்கு எட்டிய விடுதலையை விட்டுத் திரும்பிய ஹம்தான், அண்ணனையும் விட்டு ஆளையும் விட்ட தெக்லா, கேட்காமலே ஒருவரை விடுவித்த தளபதி. இந்த மூவரில் யார் கொடுத்தது பெரிது? சொல்லுங்கள்.

விடை: பர்தாஸை விடுங்கள், அவன் நின்றான், அவ்வளவுதான். தளபதி நல்லவர், சந்தேகமில்லை. ஆனால் அவர் விட்டது கலீபாவின் கைதியை. அவர் வீட்டில் ஒன்றும் குறையவில்லை. பெரும்பாலோர் ஹம்தானைத்தான் சொல்வீர்கள், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அவன் மனசு தங்கம்தான். ஆனால் அவன் தூக்கிக் கொடுத்ததில் பாதி அவன் தாயுடையது. அவளைக் கேட்காமலே கொடுத்துவிட்டான். ஒரு குழந்தையின் அழுகை நிற்க ஒரு கிழவி மண்ணில் உட்கார வேண்டியிருந்தது. தெக்லா கொடுத்தது முழுக்க அவளுடையது. அவள் கொடுத்ததால் அழுதவர் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. எனவே தெக்லாதான். அந்தக் கிழவி எழுந்தது மகனால் அல்ல, அவளால்.