நாரைகளின் தீர்ப்பு

ஏரிக்கரை மருதமரங்களில் நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தன. சித்திரை வெயில் கொளுத்தியது. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. குடியிருந்த ஆலமரம் சாய்ந்துபோன பழந்தின்னி வௌவால் ஒன்று, மாரில் குட்டியோடு வந்து ஓரமாய் ஒரு கிளையில் தொங்கியது.

நாரைகளுக்குப் பொறுக்குமா?

"தலைகீழாகத் தொங்குகிறாய். உன் உடம்பை நீயே நக்கிக்கொள்கிறாய். இதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்றது தலைவி நாரை. "இப்போதே கிளம்பு."

"வெயில் தாழட்டும் அம்மா. இந்த அனலில் பறந்தால் குட்டி சுருண்டு செத்துவிடும்." என்று கெஞ்சியது வௌவால்.

"அது உன் பாடு."

பக்கத்துக் கிளையில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. எந்தக் கூட்டம் எப்படி வாழ்கிறது என்று ஊர் ஊராகப் போய் ஆராய்வதே அதன் வேலை.

"இது என்ன பிரமாதம் தலைவியம்மா? இதைவிட விநோதமான கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். சொல்லவா?"

வம்பு என்றால் யாருக்குக் கசக்கும்? எல்லா நாரைகளும் கழுத்தை நீட்டின.

"வெயில் ஏறினால் தங்கள் கால்மேலேயே எச்சமிட்டுக்கொள்வார்கள். குளுகுளுவென்று இருக்குமாம்."

"சீச்சீ!"

"பிள்ளைகளுக்குச் சாப்பாடு? தின்றதை வாந்தியெடுத்து முன்னால் கொட்டுவார்கள்."

"சுத்தம் தெரியாத ஜென்மங்கள். அப்படிப்பட்டவர்கள் இந்த ஏரிப் பக்கமே இருக்கக் கூடாது," என்றது தலைவி.

"குஞ்சுகளோடு விரட்ட வேண்டும்," என்றன மற்றவை.

மைனாவும் அவர்கள் பக்கம்தானா? வௌவால் குட்டியை இறுக்கிக்கொண்டது.

"தீர்ப்புச் சொல்லியாயிற்றா?" என்றது மைனா. "அப்படியானால் நீங்கள் கிளம்பலாம். சந்தேகம் இருந்தால் உங்கள் காலைக் குனிந்து பாருங்கள்."

தலைவி குனிந்தது. கால் இரண்டும் எச்சத்தால் வெளுத்திருந்தன. கூட்டில், இறக்கை முளைக்காத குஞ்சுகள் தாய் கக்கிப்போடும் இரைக்காக வாயைப் பிளந்தன. ஏரிக்கு அப்பால் தரையே தணலாய்க் கிடந்தது.

"குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாதே, மைனா," என்றது தலைவி.

"அவள் குட்டிக்கும்தான் தெரியாது."

தலைவி வௌவாலின் முகத்தைப் பார்க்காமலே, "அந்தக் கிளையில் வெயில் அடிக்கும். உள்ளே தள்ளித் தொங்கு," என்றது.

அடுத்தவர் பழக்கத்தைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு முன்னால், நம் பழக்கம் அடுத்தவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு தடவையாவது யோசிக்க வேண்டும்.