ஆவுடையப்பன் அண்ணாச்சியின் துண்டு

புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டர்தான் ஜீப்பின் இழுவையைக் குறைக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பஸ் முதலாளி ஆவுடையப்பன் தன் ஜீப்பிலிருந்து அதையே கழற்றி ஷெட் மூலையில் போட்டுவிட்டார். அப்புறம் ஜீப் யானை மாதிரி பிளிறிக்கொண்டு போனது, தெரு இருமிக்கொண்டு நின்றது.

புகைச் சான்றிதழ் முடிந்த அன்று பெட்ரோல் பங்க் ஓரத்துப் பரிசோதனைக் கொட்டகைக்கு வந்தார். அங்கே மிஷின் பார்க்கிற செண்பகவல்லி வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். சைலன்சருக்குள் விட்டுப் புகையை அளக்கும் குழாயை அவள் எடுத்ததுமே அண்ணாச்சிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் வண்டிக்கா டெஸ்ட்டு? நீ நிக்கிற இடமே என் இடம். என் வண்டிப் புகை என் தோள்ல கெடக்குற இந்த வெள்ளத் துண்டு மாதிரி சுத்தம். பேசாம சான்றிதழ அடிச்சுக் குடு. இல்லன்னா நாளைக்கு இந்தக் கொட்டகையே இருக்காது."

ஆட்டோக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். செண்பகவல்லி குழாயைக் கீழே வைத்தாள்.

"சரி அண்ணாச்சி, மிஷின் வேண்டாம். அந்தத் துண்டையே குடுங்க. சைலன்சர் வாயில ஒரு நிமிஷம் கட்டிப் பாத்துருவோம்."

அண்ணாச்சி துண்டை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஏய், இது தேரோட்டத்துல கோயில் மரியாதையாப் போட்ட துண்டு! கரியாயிரும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"துண்ட வெளுத்துக்கலாம் அண்ணாச்சி. தெருவுல போறவங்க நெஞ்ச எங்க போட்டு வெளுக்க?"

நாலாம் நாள் கன்வர்ட்டரை மாட்டிக்கொண்டு ஜீப் வந்தது, மிஷினில் ஒழுங்காகத் தேறியது. ஆனாலும் செண்பகவல்லி மறுபடி கேட்டுவிடுவாளோ என்றோ என்னவோ, அன்றைக்கு அண்ணாச்சி தோளில் துண்டு இல்லை.