சடைச்சியின் பத்தியம்

மூங்கில் காட்டில் சடைச்சி என்றொரு கரடி இருந்தாள். அவளுக்கு இரண்டு குட்டிகள். மூத்தவன் உருண்டை, இளையவள் பொட்டு. கரடி வழக்கப்படி இரண்டையும் முதுகில் ஏற்றிக்கொண்டுதான் இரை தேடப் போவாள். முதுகு மயிரைப் பற்றிக்கொண்டு குட்டிகள் ஆடி ஆடி வரும். அங்கே உட்கார்ந்திருக்கும்வரை காட்டில் எவனும் அவற்றைத் தொட முடியாது.

பாறை இடுக்கில் கிடந்த மலைப்பாம்புக்கு அதுதான் வயிற்றெரிச்சல். குட்டிகள் மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

குட்டிகள் வளர வளர, சடைச்சிக்கு முதுகில் அரிப்பு எடுத்தது. சும்மா இருந்தாலும் எரிந்தது, மரத்தில் தேய்த்தாலும் எரிந்தது. ஒருநாள் பாறையோரம் நின்று புலம்பினாள்.

"என்ன தங்கச்சி, ஒரே புலம்பல்?" என்றான் மலைப்பாம்பு.

"முதுகு அரிச்சுப் பிடுங்குது அண்ணே! தூக்கமே போச்சு!"

"என்னென்ன சாப்பிடுறே?"

"கரையான், தேன், இலுப்பைப் பூ, அத்திப்பழம்... கிடைக்கிறதை எல்லாம்தான்!"

"அதான் சங்கதி! அதிலே ஏதோ ஒண்ணு உனக்கு ஒத்துக்கலை. ஒவ்வொண்ணா நிறுத்திக்கிட்டே வா. என்னைப் பாரு! எப்பவோ ஒரு தடவைதான் வாயைத் திறக்கிறேன். மேனியிலே ஒரு சொறி உண்டா?"

சடைச்சி பார்த்தாள். பளபளவென்றுதான் இருந்தது. பாம்பு சட்டை உரிக்கிற ஜாதி என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவு வரவில்லை.

முதலில் கரையானை நிறுத்தினாள். கரடிக்குக் கரையான் என்றால் நமக்குச் சோறு மாதிரி. புற்றைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அரிப்பு அப்படியே இருந்தது.

"அப்போ தேனாத்தான் இருக்கும்!" என்றான் பாம்பு.

தேனை விட்டாள். அரிப்பு போகவில்லை. பூவை விட்டாள். பழத்தையும் விட்டாள். கடைசியில் மாடு மாதிரி புல்லை மென்றுகொண்டு நின்றாள்.

மரக்கிளையில் இருந்த மைனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, அரிக்கிறது முதுகு! பட்டினி கிடக்கிறது வயிறா? கொஞ்சம் நில்லுங்க, மயிரை விலக்கி முதுகைப் பார்க்கிறேன்!"

"போடி வேலையத்தவளே! இது உள்ளே இருக்கிற நஞ்சு. கண்ணுக்குத் தெரியுமா?" என்று சடைச்சி விரட்டிவிட்டாள். சாப்பிடாதவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

சடைச்சி இளைத்தாள். நடந்தால் தலை சுற்றியது.

"நல்லது, நல்லது! கெட்டதெல்லாம் கழியுது!" என்றான் பாம்பு.

அன்று பொட்டு அழுதாள். "அம்மா, பாலே வரலை!"

"பொறுத்துக்கோ கண்ணு. அம்மாவுக்கு உடம்பு தேறணும்ல?"

சொல்லும்போது சடைச்சிக்கும் அழுகை வந்தது. ஆனாலும் பத்தியத்தை விடவில்லை. இத்தனை நாள் இருந்ததை இப்போது விட்டால் எல்லாம் வீணாகிவிடுமே என்று நினைத்தாள்.

அப்புறம் குட்டிகளைச் சுமக்கவும் தெம்பில்லாமல் போனது. "இறங்கி நடங்க" என்று இரண்டையும் தரையில் விட்டாள். அதுகளும் பின்னாலேயே தத்தித் தத்தி வந்தன.

சில நாளில் ஓர் அதிசயம் நடந்தது. அரிப்பு நின்றுவிட்டது!

சடைச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே பாறைக்குப் போனாள். "அண்ணே! அரிப்பு போயே போச்சு! பத்தியம் பலிச்சிடுச்சு!"

"எனக்கும்தான் பலிச்சிடுச்சு!" என்றான் மலைப்பாம்பு.

சொன்ன வேகத்தில் பின்னால் வந்த உருண்டையைச் சுற்றி வளைத்துவிட்டான்.

"டேய்! விடுடா என் பிள்ளையை!" சடைச்சி பாய்ந்தாள். பாய்ந்தாள் என்று சொல்லக்கூடாது. முன்னங்கால் மடங்கி விழுந்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். ஒரே அறையில் பாம்பைத் துவைத்துப்போட்டிருக்க வேண்டியவள், தரையில் கிடந்து கதறினாள்.

உருண்டைக்கு உயிர் போகிற பயம். பயந்தால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அம்மா முதுகில் எப்படி இறுக்கிப் பிடிப்பானோ, அப்படியே நகம் அத்தனையும் புதைய பாம்பைப் பிடித்தான். பாம்பு இறுக்க இறுக்க, அவனும் இறுக்கினான்.

"ஐயோ! எரியுதே! விடுடா!" என்று அலறினான் மலைப்பாம்பு. சுற்று கழன்றது. உருண்டை துள்ளி வந்து அம்மாவிடம் ஒண்டிக்கொண்டான்.

மைனா விடுவாளா? "என்ன அண்ணே, எரியுதா? சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கலை போல! ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க!"

பாம்பு பாறையைவிட்டே ஊர்ந்து போனான். அவன் மேனியெல்லாம் கீறல். சடைச்சி அந்தக் கீறலைப் பார்த்தாள். மகனின் நகத்தைப் பார்த்தாள். கூர்கூராக வளர்ந்திருந்தது.

"மைனா, என் முதுகைக் கொஞ்சம் பாரேன்."

மைனா இறங்கி வந்து மயிரை விலக்கினாள். "அதே கீறல்தான் அக்கா! பிள்ளைங்களை இறக்கிவிட்டதாலே இப்போ ஆறிக்கிட்டு வருது."

சடைச்சி உருண்டையை ஒருமுறை மோந்து பார்த்தாள். பிறகு தள்ளாடித் தள்ளாடிப் பக்கத்துப் புற்றுக்குப் போய், அதை உடைத்து, காடு முழுக்கக் கேட்கிற மாதிரி உறிஞ்சித் தின்றாள்.

உடம்பு தேறியதும் குட்டிகள் மறுபடி முதுகில் ஏறின. ஆனால் ஏறுவதற்கு முன்னால், பாம்பு காலி செய்துவிட்டுப் போன அந்தச் சொரசொரப்பான பாறையில் தினமும் நகத்தைத் தேய்த்துவிட்டு வர வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

நோவு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வாயை மட்டும் கட்டினால், நோவு இருந்த இடத்திலேயே இருக்கும், நம்மைக் காக்கிற தெம்புதான் முதலில் போகும்.