கன்னியப்பனின் ஒன்பது கிலோ

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மந்தூர் என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கூத்தில் அர்ச்சுனன் வேஷம் கன்னியப்பனுடையது. சிவனிடம் அஸ்திரம் வாங்க அர்ச்சுனன் கூத்துத் திடலில் நட்டிருக்கும் தபசு மரம் ஏறவேண்டும். போன வருஷம் அவன் பாதி ஏறும்போதே மரம் முனகியது.

"ஒம்போது கிலோ இறக்கு. இல்லேன்னா வேஷம் உன் பங்காளிக்கு" என்று கூத்து வாத்தியார் சொல்லிவிட்டார். கன்னியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவனுக்குக் கூட்டாளிகள் மூன்று பேர்: தாண்டவன், துலுக்காணம், முனிரத்தினம். புத்தியில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. பக்கத்துக் கார் கம்பெனிக் கொரியாக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கும் கொரிய டாக்டரம்மாவிடம் அவனைக் கூட்டிப்போனார்கள்.

டாக்டரம்மா நாடி பார்த்தார். தமிழும் நன்றாகவே பேசினார்.

"மனுஷ உடம்பு நாலு வகை. உங்களுக்குக் கல்லீரல் பலம், நுரையீரல் பலவீனம். ஆளுக்கு ஆள் வைத்தியம் வேற. இந்தக் கஷாயம் உங்களுக்கு மட்டும்தான். சாப்பாடு பாதி போதும். ஒவ்வொரு வாயும் முப்பது தடவை மெல்லணும்."

எண்ணும் பொறுப்பைக் கூட்டாளிகள் ஏற்றார்கள்.

"பதினெட்டு" என்றான் தாண்டவன்.

"இருபது ஆச்சுடா" என்றான் துலுக்காணம்.

"சண்டை எதுக்கு? ஒண்ணுலேர்ந்து மெல்லட்டும்" என்றான் முனிரத்தினம்.

ஒரு வாய் இட்லி இறங்க ஒரு மணி நேரம் ஆனது. அவன் சாப்பாட்டில் மிச்சப் பாதி வீணாகக்கூடாதே என்று மூவரும் எண்ணிக்கொண்டே தின்றார்கள்.

இரண்டு மாதத்தில் கன்னியப்பன் ஒன்பது கிலோ இறங்கிவிட்டான். டாக்டரம்மாவின் எடை மெஷினில் சும்மா ஏறிப் பார்த்த மூவரும்தான் பேயறைந்த மாதிரி நின்றார்கள். ஆளுக்கு மூன்று கிலோ ஏறியிருந்தது.

"மூமூணு ஒம்போது. அவனோடது நம்மகிட்ட இருக்குடா!"

"ஆளுக்கு ஆள் உடம்பு வேறன்னாங்களே! அவன் எடை நமக்கு ஒத்துக்குமா?"

"திருப்பிக் குடுத்துடணும். நாம என்ன திருடனுங்களா?"

கூத்தன்று கன்னியப்பன் மளமளவென்று மரம் ஏறினான். உச்சியில் நின்று கைகூப்பியபோது சந்தோஷத்தில் கண் கலங்கியது. கீழே பார்த்தால் மூவரும் பின்னாலேயே ஏறி வருகிறார்கள்.

"உன் பொருளை வாங்கிக்கடா!"

மரம் இரண்டாக முறிந்தது. கீழே வைக்கோல் இருந்ததால் நால்வரும் தப்பினார்கள்.

"மரம் சரியாகிற வரைக்கும் உனக்கு வேஷம் கிடையாது" என்றார் வாத்தியார்.

மறுநாள் காலை நால்வரும் மரத்தின் இரண்டு துண்டையும் தோளில் சுமந்துகொண்டு டாக்டரம்மா வாசலில் நின்றார்கள்.

"ரொம்ப மெலிஞ்ச உடம்பும்மா" என்று கும்பிட்டான் கன்னியப்பன். "கல்லீரல் பலமா, நுரையீரல் பலமான்னு பாத்து, எடை ஏத்துற கஷாயமாக் குடுங்க."



"மெல்லுறதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்கம்மா" என்றான் முனிரத்தினம். "நாங்க எண்ணிக்கிறோம்."