நரி சொன்ன வைத்தியம்

அத்திக்காட்டில் பூவரசி என்றொரு இளம் முயல் இருந்தாள். துள்ளித் திரியும் வயது. ஆனால் ஒரு மழைக்காலத்தில் அவள் மூட்டுகள் வீங்கின. பிறகு மூச்சு இரைத்தது. போதாக்குறைக்கு, தின்ற புல்லெல்லாம் வயிற்றைப் பிசைந்தது.

ஒற்றைக் காலில் நின்றபடி கொக்கு வைத்தியர் அவளைப் பரிசோதித்தார்.

"மூட்டுவாதம், இழுப்பு, குடல் புண்! மூன்றும் இனி உன்னோடுதான் இருக்கும். மூலிகை தின்று சமாளிக்கலாம். துரத்த முடியாது!"

"அழைக்காமலே மூன்று விருந்தாளிகளா!" என்று சிரித்தாள் பூவரசி. புதருக்குள் போய்த்தான் அழுதாள்.

செய்தி பரவியது. ஒரே நாளில் காடே வைத்தியம் படித்துவிட்டது!

"இந்த வயதில் நோயா? எல்லாம் மனப்பிரமை!" என்றது மயில்.

"தேன் குடி! என் அத்தைக்கு விழுந்த பல்லே முளைத்தது!" என்றது கரடி.

"மூலிகையைத் தூக்கிப் போடு! உச்சி வெயிலில் மலை ஏறு! நோயெல்லாம் வியர்வையாய் ஓடிவிடும்!" என்றது குரங்கு.

மலையடியில் வளை தோண்டி வாழ்ந்த முள்ளம்பன்றி மருதன் மட்டும், "உனக்கு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டான்.

"ஒன்றும் வேண்டாம்! நன்றாகத்தான் இருக்கிறேன்!" என்று வெடுக்கென்று சொன்னாள் பூவரசி. உதவி கேட்க அவளுக்கு வெட்கம். மறுநாளே மூலிகையை எறிந்துவிட்டு மலை ஏறினாள்.

முயலுக்கு வியர்க்காது என்பது குரங்குக்குத் தெரியவில்லை. பாதி வழியில் மூச்சு அடைத்து, கால் மடங்கி விழுந்தாள். அங்கே வந்த நரி அவளைப் பிடரியில் கவ்விக்கொண்டு கீழே இறங்கியது.

மருதனின் வளை கண்ணில் பட்டது. பூவரசி மெல்லச் சொன்னாள்: "நரியாரே, தாராளமாகத் தின்னுங்கள். ஆனால் எனக்கு மூட்டுவாதம், இழுப்பு, குடல் புண். என்ன செய்தும் தீரவில்லை!"

நரியின் காது விடைத்தது. வாய் நமநமத்தது. பாவம், அதுவும் அந்தக் காட்டுப் பிராணிதானே!

"வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து தின்றாயா?" என்று வாயைத் திறந்தது.

பூவரசி தொப்பென்று விழுந்தாள். ஓட முடியாது. "இல்லையே! எப்படித் தின்ன வேண்டும்?" என்று கேட்டபடி வளையை நோக்கி நொண்டினாள்.

"கண்ணை மூடி மெல்ல வேண்டும்! இதோ, இப்படி!" நரி கண்ணை மூடி மென்று காட்டியது.

"மருதா! என்னைக் காப்பாற்று!" என்று கத்தினாள் பூவரசி.

மருதன் அவளை உள்ளே இழுத்துவிட்டு, முதுகை வாசல் பக்கம் திருப்பினான். பாய்ந்து வந்த நரியின் மூக்கெல்லாம் முள்!

"ஐயோ! இதற்கு வைத்தியம் தெரிந்தவர் யாராவது உண்டா?" என்று நரி ஊளையிட்டது. கேட்க வேண்டுமா! காடே ஓடி வந்தது.

பூவரசியின் நோய்கள் போகவில்லை. வேளை தவறாமல் மூலிகை தின்றாள். முடிந்த நாளில் துள்ளினாள். முடியாத நாளில் மருதனின் வளையில் கால் நீட்டிப் படுத்து, "இளம் அருகம்புல் கொண்டு வா! நிறையக் கொண்டு வா!" என்று கூச்சமில்லாமல் கேட்டாள்.

நோயோடு வாழ்பவருக்கு, கேட்காமல் வரும் நூறு யோசனையைவிடக் கேட்டவுடன் நீளும் ஒரு கை பெரிது.