மூச்சு வாங்க இடம்

பரணிதரன் பல வருடங்களாகச் சினிமாப் பாடல்களுக்குக் கணினியில் இசை கோத்தவர். புல்லாங்குழல் வேண்டுமென்றால் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்துவார். விரலை எடுக்கும்வரை அது ஒலித்துக்கொண்டே இருக்கும்.

நாற்பதைத் தாண்டிய பிறகு நிஜ வாத்தியங்களுக்கு எழுத ஆசை வந்தது. சென்னையில் சிறிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றை நடத்திவந்த ஹெப்சிபாவிடம் மாணவராகச் சேர்ந்தார். ஹெப்சிபா அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவர் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்.

பரணிதரன் முதலில் எழுதியது அப்பாவின் நினைவாக ஒரு நீண்ட மெட்டு. அதை ஓபோவுக்குக் கொடுத்திருந்தார். நாகஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் கருவி அது. குரல் மட்டும் மெலிந்தது.

ஒத்திகையில் ஆர்க்கெஸ்ட்ராவின் ஓபோ கலைஞர் கிளாடிஸ் அதை வாசித்தாள். மெட்டு பாதியைத் தாண்டும்போது அவள் முகம் சிவந்தது. பிறகு வெளுத்தது. ஓபோவை மடியில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

பரணிதரன் ஹெப்சிபாவைத் தனியாக அழைத்தார். கச்சேரி நெருங்கிவிட்டது, இந்தப் பெண்ணால் முடியாது, மெட்டை வேறு வாத்தியத்துக்கு மாற்றிவிடலாம் என்றார்.

"ஃபுளூட், ஓபோ, கிளாரினெட், பஸூன். இந்த நாலு ஊதற வாத்தியத்துல எது உசத்தி மேடம்?"

ஹெப்சிபா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஃபுளூட்காரர் பக்கத்தில் போட்டார்.

"உட்காருங்க சார். அவர் மூச்சு இழுக்கும்போது நீங்களும் இழுங்க. விடும்போது விடுங்க. இடையில திருட்டு மூச்சு கூடாது."

பரணிதரன் உட்கார்ந்தார். ஃபுளூட் அந்த மெட்டைத் தொடங்கியது. துளைக்குள் போகும் காற்றைவிட வெளியே சிதறுவது அதிகம் என்று பக்கத்தில் இருந்தபோதுதான் தெரிந்தது. அத்தனையும் வாரி இறைத்துவிட்டு, அந்தக் குரல் ஒரு கனமும் இல்லாமல் மேலே போனது. மெட்டு முடிவதற்கு வெகு முன்பே பரணிதரனின் நெஞ்சு காலியாகிவிட்டது. ஃபுளூட்காரரும் நிறுத்திவிட்டார்.

கிளாரினெட் எப்போது தொடங்கியதென்றே அவருக்குப் பிடிபடவில்லை. ஓசையே இல்லாத இடத்திலிருந்து புகைபோல எழுந்து வந்தது. வாசித்தவர் மூச்சைச் சன்னமாக, சிக்கனமாக விட்டார். அதுவும் கடைசிவரை வரவில்லை.

ஆளுயர பஸூன், மெட்டைத் தன் வழக்கப்படி கீழ் ஸ்தாயியில் எடுத்துக்கொண்டது. இறங்க இறங்க அது கூடுதலாக மூச்சைக் கேட்டது. அடிக்குரலில் நாற்காலியே அதிர்ந்தது. வயதான ஒருவர் மெல்லப் பேசுவதுபோல் இருந்தது. பரணிதரனுக்கு அப்பாவின் நினைவு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது மூச்சு தப்பிவிட்டது. பஸூனும் மெட்டின் முடிவை எட்டவில்லை.

கடைசியாகக் கிளாடிஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சீவாளி எவ்வளவு திறக்குமோ அவ்வளவுதான் உதட்டைத் திறக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். ஊசி நுழையும் இடைவெளி.

அவள் வாசித்தாள். அவர் கூடவே மூச்சு விட்டார். காற்று போகவே மறுத்தது. பழைய காற்று நெஞ்சுக்குள் தேங்கிச் சூடேறியது. காது அடைத்தது. அந்த நெருக்கடிக்குள்ளிருந்து இத்தனை தெளிவான குரல் எப்படி வருகிறது என்று அவர் வியந்துகொண்டிருந்தபோதே கண் முன்னால் பூச்சி பறந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

கிளாடிஸ் வாசிப்பதை நிறுத்தினாள். முதலில் உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே விட்டாள். பிறகுதான் புது மூச்சு இழுத்தாள்.

"காத்து பத்தாம இல்ல சார்," என்றாள். "உள்ள நிறைய இருக்கு. அதை விடத்தான் நேரமில்ல."

பரணிதரன் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் பரவாயில்லை என்று தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

குடித்துவிட்டு ஹெப்சிபாவிடம் வந்தார். எது உசத்தி என்று மறுபடி கேட்கவில்லை.

"மெட்டுதான் மேடம் ரொம்ப நீளம். பாதியா வெட்டிடறேன்."

"வெட்டாதீங்க சார். நல்ல மெட்டு," என்றார் ஹெப்சிபா. "ஒருத்தர் மூச்சு வாங்கும்போது வாசிக்கத்தானே பக்கத்துல இன்னொருத்தர் உட்கார்ந்திருக்கார்."